60 வயசு தாண்டியாச்சா? கச்சேரி, வகுப்பு, டூர்... தயங்காம கிளம்ப என்ன வழி?

"இந்த வயசுல எதுக்குப்பா வெளியே? வீட்டோட இருங்களேன்..." ஓய்வு பெற்ற பலரும் பிள்ளைகளிடம் கேட்கும் வார்த்தை இது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் வீட்டோடு இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

மறதி நோயைத் தள்ளிப்போட உதவும் வகையில், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. தனிமைப்பட்டுப் போவது, உடல் உழைப்பு இல்லாதது, கவனிக்காமல் விட்ட காது கேளாமை ஆகிய மூன்றும் அதில் அடக்கம். வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

கிளம்ப விடாமல் தடுப்பது பெரும்பாலும் வயது இல்லை. செலவு, பயணம், காது, கூட்டம் என்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

கச்சேரிக்கு காசு வேணுமா?

சென்னை மார்கழி சீசனில் சாயங்காலம் நடக்கும் பெரிய வித்வான்களின் கச்சேரிக்குத்தான் டிக்கெட் போட்டி. பகல் நேரக் கச்சேரிகளுக்கு பல சபாக்களில் அனுமதி இலவசம். வளரும் கலைஞர்கள் பாடும் நேரம் அது. கூட்டமும் குறைவு, இருட்டும் முன் வீடு திரும்பலாம்.

ஓர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தால் எழுந்து போக வசதி. கழிப்பறை எங்கே, படிக்கட்டு எத்தனை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பாட்டு தெளிவாக இல்லை, பேச்சு புரியவில்லை என்றால் மைக்கை மட்டும் குறை சொல்லாமல் காதைப் பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம்.

படிக்க வயசு இருக்கா?

இருக்கு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளில் சேர உச்ச வயது வரம்பு கிடையாது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் பாடம் கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

ஆனால் பாட்டோ, யோகாவோ, ஓவியமோ, நேரில் போய்க் கற்பதில் தனி லாபம் உண்டு. 'இன்னைக்கு ஏன் வரல?' என்று கேட்க நாலு பேர் கிடைப்பார்கள்.

பஸ், ரயிலில் என்ன சலுகை?

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 இலவச பயண டோக்கன்களை மாநகர் போக்குவரத்துக் கழகம் தருகிறது. ஆறு மாதத்துக்கு உரியதை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஏசி பஸ்ஸில் செல்லாது. சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதலே டிக்கெட் இல்லை.

ரயிலில் ஆண்களுக்கு 40%, பெண்களுக்கு 50% என்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு தொடர்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் தனியாகவோ, அதே தகுதி உள்ள இன்னொருவருடனோ போனால் இந்த ஒதுக்கீட்டில் பதிவு செய்யலாம்.

இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். அப்பா, அம்மாவுடன் மகனையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெற்றோருக்குத் தனி டிக்கெட் எடுப்பதே வழி.

இலவச ஆன்மிகப் பயணம் யாருக்கு?

ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு இந்து சமய அறநிலையத்துறை அரசு செலவில் மூத்தவர்களை அழைத்துச் செல்கிறது. 2022-23-ல் 200 பேருடன் தொடங்கிய திட்டம் இது. 60 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மருத்துவச் சான்றும் கட்டாயம். இதேபோல அறுபடை வீடுகளுக்கும் பயணம் உண்டு. அறிவிப்பு வரும்போது அறநிலையத்துறை மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் கேட்கலாம்.

கிளம்பும் முன்...

* மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து, பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.
* மருந்துச் சீட்டின் நகல், வீட்டு போன் நம்பர் எழுதிய தாள் சட்டைப்பையில் இருக்கட்டும். செல்போன் சார்ஜ் தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.
* இதயநோய், சர்க்கரை இருப்பவர்கள் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.
* டூர் என்று சொல்லி போனில் ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

மூத்த குடிமக்களுக்கான அரசுத் திட்டங்கள், உதவிகள் பற்றி விசாரிக்க 14567 என்ற எல்டர்லைன் எண்ணை காலை 8 முதல் இரவு 8 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம்.