கோடும் புள்ளியும்

லண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் கரையில், ஆயுதசாலைக்குப் பேர்போன பகுதி உல்விச். 1883-இல் அங்கே பிறந்த கெர்ட்ரூட் ஹாப்ஸ் என்ற சிறுமிக்கு மூச்சுக்குழல் நோய் அடிக்கடி வந்தது. மார்பில் சளி கட்டும். இருமல் ஆளையே உலுக்கும். பள்ளிக்கூடம் போக முடியாது. கடைசியில் படிப்பே பாதியில் நின்றது. குடும்பத்தில் வசதியும் இல்லை. பட்டம் இல்லாத, உடம்புக்கு முடியாத ஒரு பெண் அந்தக் காலத்து இங்கிலாந்தில் என்ன செய்து பிழைப்பது?

வீட்டிலிருந்தபடியே ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டாள். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை அது. எழுத்துக்கூட்டலைக் கண்டுகொள்ளாமல் ஓசையை மட்டும் பிடிக்கும். 'பால்' என்று சொல்லும்போது வரும் ப-வுக்கு மெல்லிய சாய்கோடு. அதே கோட்டைச் சற்று அழுத்தி இழுத்தால் 'பாபு'வின் ப. உயிரொலிகளுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகளும் கீற்றுகளும். கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியைத் தொட்டு நிற்கிறதா என்பதற்கும் பொருள் உண்டு. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் இதே பிட்மன் முறையில் நிமிடத்துக்கு 120 சொல் எடுத்துத் தேறியவர்களைத் தனி மரியாதையோடுதான் பார்ப்பார்கள். கெர்ட்ரூடின் வேகம் 250. மேடையில் படபடவென்று பொரிகிறவர்கூட அவ்வளவு வேகமாகப் பேசுவது அரிது. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: இங்கிலாந்துப் பிரதமருக்குச் செயலாளராகும் முதல் பெண் தானாக இருக்க வேண்டும். 1908-இல் வேலை தேடி நியூயார்க்குக்குக் கப்பலேற முடிவு செய்தபோதும் அந்த ஆசை அப்படியேதான் இருந்தது. குறுக்கே வந்தது அம்மா எழுதிய ஒரு கடிதம்.

அதே கப்பலில் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பிரசங்கியாரும் பயணம் செய்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. "என் மகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவருக்கு எழுதிவிட்டார். பிரசங்கியாரின் பெயர் ஆஸ்வால்ட் சேம்பர்ஸ். 1874-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஓவியம் படித்தவர், கலையின் வழியாகவே கடவுளுக்கு ஊழியம் செய்யப்போவதாக நினைத்திருந்து, பிறகு அதை விட்டுவிட்டு வேதம் போதிக்க வந்தவர். சொத்து, நிலையான வருமானம், சொந்த வீடு எதுவும் கிடையாது. 'பால்டிக்' என்ற அந்தக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து முடிப்பதற்குள் பிரதமரின் அலுவலகம் கெர்ட்ரூடின் கனவிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் ஊர் திரும்பி, லண்டனின் புனித பவுல் பேராலயத்தில் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். 1910 மே மாதம் திருமணம். ஆஸ்வால்டின் சகோதரி ஒருவருக்கும் கெர்ட்ரூட் என்றே பெயர். குழப்பம் வேண்டாமென்று 'அன்பான சீடர்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து மனைவியை 'பிட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆயுள் முழுக்க அந்தப் பெயரே நிலைத்தது.

1911-இல் லண்டன் கிளாப்ஹம் பகுதியில் வேதாகமப் பயிற்சிக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. ஆஸ்வால்ட் அதன் முதல்வர். பிட்டி வீட்டு நிர்வாகி. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். சாப்பாட்டுக் கணக்கு, விருந்தாளிகள், 1913-இல் பிறந்த கேத்லீன் என்ற பெண் குழந்தை என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் கணவர் பேச எழுந்தால் பிட்டியின் கையில் நோட்டும் பென்சிலும் வந்துவிடும். வகுப்புப் பாடம், தியான வேளை, ஞாயிறு பிரசங்கம், எதையும் விடவில்லை. இவை புத்தகமாகும் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் துளியும் இல்லை. கேட்டது மறந்துபோகாமல் தன் ஆத்துமாவுக்கு உதவட்டும் என்றே எழுதினார். நோட்டுகள் நிரம்பின. 1914-இல் போர் வெடித்தது.

மறு ஆண்டு கல்லூரியை மூடிவிட்டு, ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக ஆஸ்வால்ட் எகிப்துக்குப் புறப்பட்டார். கெய்ரோவை அடுத்த செய்தூன் என்ற இடத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் முகாம். மணலும் ஈயும் வெயிலுமான பூமி. சில வாரங்களில் பிட்டியும் இரண்டு வயதுக் குழந்தையும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சலிப்பில் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் கூத்தும் வைத்தால்தான் கூட்டம் சேரும் என்பது மற்ற ஊழியர்களின் கணக்கு. ஆஸ்வால்ட் வேத வகுப்பு வைத்தார். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தவர்கள் திகைத்துப்போனார்கள்; பாய் வேய்ந்த அந்தக் கொட்டகை நிரம்பியது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத இளைஞர்களிடம் அவர் யோபுவைப் பற்றிப் பேசினார். நல்லவனுக்கு ஏன் துன்பம் என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்லி மூடிவிடாத புத்தகம் அது. சிப்பாய்களுக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இலவசத் தேநீர் தயார்செய்த பிட்டி, மாலையில் பென்சிலோடு உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. 1917 அக்டோபரில் ஆஸ்வால்டுக்கு வயிற்றில் வலி கண்டது.

குடல்வால் அழற்சி. உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. காசாவில் பெரிய தாக்குதல் தொடங்கும் நேரம். அங்கிருந்து அடிபட்டு வரும் வீரர்களுக்குப் படுக்கை வேண்டும், அதில் ஒன்றைத் தான் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று வலியைத் தாங்கிக்கொண்டே நாட்களைக் கடத்தினார். 29-ஆம் தேதி தாங்க முடியாமல் போன பிறகே அறுவை சிகிச்சை நடந்தது. அந்தத் தாமதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஆனால் பிறருக்காகத் தன்னைக் கொடுப்பது பற்றி ஊருக்குப் பிரசங்கித்தவர், தன் முறை வந்தபோது வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாதவராக இருந்தார். முதலில் தேறுவதுபோல் தெரிந்தது. பிறகு நுரையீரலில் சிக்கல். நவம்பர் 15-ஆம் தேதி இறந்தார். வயது 43.

இராணுவ மரியாதையோடு பழைய கெய்ரோவில் அடக்கம் நடந்தது. ஊருக்குப் போன தந்தியில் மரணம் என்ற சொல் இல்லை. ஆஸ்வால்ட் ஆண்டவருடைய சமுகத்தில் இருக்கிறார் என்பதே செய்தி. அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளியான புத்தகங்கள் மிகச் சில. கையில் காசில்லை, நான்கு வயதுக் குழந்தை, அந்நிய நாடு, சுற்றிலும் போர். 34 வயது விதவையிடம் மிஞ்சியிருந்தவை கோடும் புள்ளியுமாக நிறைந்த நோட்டுகள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. கணவரின் ஒரே ஒரு பிரசங்கத்தைச் சுருக்கெழுத்திலிருந்து பெயர்த்து, சிறு கைப்பிரதியாக அச்சடித்து, அவரை அறிந்த சிப்பாய்களுக்குப் பிட்டி அனுப்பினார். ஆறுதல் வாழ்த்து என்ற அளவில் செய்த காரியம். இன்னொன்று அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அனுப்பினார். மறுபடியும் கேட்டார்கள். மாதம் ஒன்றாக, ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் நிலை வந்தது. இனி தான் செய்ய வேண்டியது என்ன என்று பிட்டிக்கு அங்கே தெளிவாயிற்று. 1919-இல் மகளோடும் நோட்டுகளோடும் இங்கிலாந்து திரும்பினார்.

பிழைப்புக்கு வழி வேண்டுமே. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீடு எடுத்து, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டு, சமைத்துப் போட்டார். பாத்திரமும் துணியும் ஓய்ந்த நேரத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய் உபசரித்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். 1920களின் நடுவில் ஒரு யோசனை பிறந்தது. முழுப் பிரசங்கத்தைப் படிக்க எல்லோருக்கும் நேரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு வசனம், ஒரு பக்கம் என்று ஆண்டு முழுவதற்கும் தொகுத்தால் என்ன?

சொல்வதற்கு எளிது. பல ஆண்டுப் பேச்சு அவர் முன்னால் கிடந்தது. கிளாப்ஹம் வகுப்பில் ஒரு வசனத்தைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து, அதே வசனத்தைப் பற்றி எகிப்து மணலில் இரவில் சொன்ன இன்னொன்று. இரண்டையும் தேடியெடுத்து, ஒட்டுத் தெரியாமல் ஒரே பக்கத்தில் பொருத்த வேண்டும். தன் சொல் எதுவும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. பேசியவரின் குரலை அவ்வளவு காலம் காதில் வாங்கியவர் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது. தொகுத்து முடிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. ஜனவரி 1-க்குப் பிலிப்பியர் முதல் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தை வைத்தார். கணவர் வகுப்பில் சொன்ன ஒரு தொடரையே தலைப்பாக்கினார். 1927-இல் லண்டனில் புத்தகம் வெளிவந்தது.

அதுதான் 'மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையெஸ்ட்'. காலைத் தியானத்துக்கென்று உலகில் மிக அதிகமாக விற்ற புத்தகங்களில் ஒன்று. அன்று முதல் இன்றுவரை அச்சில் இல்லாமல் போனதில்லை. 1935-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. குடியிலிருந்து மீளத் தவித்தவர்கள் கூடிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் தொடக்ககால உறுப்பினர்கள் பலர் இதைக் காலையில் வாசித்தார்கள். அட்டையில் ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் என்று இருக்கிறது. அவரோ இதை எழுத உட்கார்ந்ததும் இல்லை, கண்ணால் கண்டதும் இல்லை. உழைத்தவரின் முழுப்பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. முன்னுரையின் கீழே, பிட்டி சேம்பர்ஸ் என்பதன் முதலெழுத்துகளாக, 'பி.சி.' என்று மட்டும் போட்டுக்கொண்டார்.

1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் தீக்குண்டு பொழிந்தன. புனித பவுல் பேராலயம் தப்பியது. அதை ஒட்டிய பேட்டர்நாஸ்டர் தெருவின் புத்தகக் கிடங்குகள் எரிந்தன. சேம்பர்ஸ் நூல்களின் இருப்பும் அங்கேதான் இருந்தது. எரேமியாவின் 36-ஆம் அதிகாரத்தில் இப்படியொரு தீ எரிகிறது. தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து, துண்டு துண்டாகக் கணப்பில் போடுகிறான். பாரூக்கு வேறொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதுகிறான். முன்னதைவிட அதிகமாகவே எழுதுகிறான். பிட்டியும் அப்படியே செய்தார். புத்தகம் மீண்டும் அச்சேறியது. நோட்டுகளிலிருந்து புதியவையும் வந்துகொண்டிருந்தன. 1966 ஜனவரியில் அவர் இறந்தபோது ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் பெயரில் 30-க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன.

அந்தத் தியான நூலில் ஏப்ரல் 27, 28 ஆகிய இரண்டு நாளுக்கும் ஒரே வசனம்: எரேமியா 45:5. தனக்கென்று பெரிய காரியங்களைத் தேட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்வது ராஜாவிடமோ தீர்க்கதரிசியிடமோ அல்ல, எழுத்தனாகிய பாரூக்கிடம். பிரசங்கித்தவர் ஆஸ்வால்ட். அடுத்தடுத்து இரண்டு நாள் வரட்டும் என்று எடுத்து வைத்தவர், பிரதமரின் செயலாளராக விரும்பிய உல்விச் பெண்.