'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'... பணம் கொடுத்தது யார்? டெல்டா விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய 'ஆதாய முரண்'

குறுவையில் புகையான் விழுந்தால் தஞ்சாவூர் விவசாயி முதலில் ஓடுவது பூச்சிமருந்துக் கடைக்குத்தான். அங்கே தரும் நோட்டீஸில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று இருக்கும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? இதைச் சொல்வதுதான் 'ஆதாய முரண்' அறிவிப்பு.

ஆதாய முரண் என்றால் என்ன?

ஆய்வாளரின் முடிவை ஒரு பக்கம் சாய்க்கக்கூடிய, அல்லது சாய்த்திருக்குமோ என்று சந்தேகம் எழுப்பக்கூடிய தொடர்பு. நிறுவன நிதி, ஆலோசனைக் கட்டணம், பங்கு, காப்புரிமை எல்லாம் இதில் வரும். உறவும் பகையும்கூட வரும்.

தொடர்பு இருப்பதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. கம்பெனிகள் பணம் கட்டி வேளாண் பல்கலைக்கழகங்களில் சோதனை செய்வது வழக்கம்தான். அதை மறைப்பதுதான் தப்பு.

பிடி கத்தரியில் நடந்தது என்ன?

கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மஹிகோ நிறுவனத்துடன் சேர்ந்து பிடி கத்தரி ரகங்களை உருவாக்கியது. 2010 பிப்ரவரி 9-ம் தேதி அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நிறுவனம் சாராத சுதந்திரமான சோதனைகள் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டின் 6 அறிவியல் அகாடமிகள் பிடி கத்தரிக்கு ஆதரவாக அறிக்கை கொடுத்தன. அதில் பல வரிகள், பிடி கத்தரி ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையில் இருந்து அப்படியே எடுக்கப்பட்டவை எனத் தெரியவந்தது. நடுநிலைக் கருத்து கேட்ட இடத்தில் ஒரு தரப்பின் எழுத்தே வந்து நின்றது. எதிர்ப்பு கிளம்ப, டிசம்பரில் திருத்திய அறிக்கை வெளியானது.

இதழ்கள் எப்படிக் கையாள்கின்றன?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த படிவத்தில், கடந்த 36 மாதத் தொடர்புகளை எழுதித் தர வேண்டும். கட்டுரையை மதிப்பிடுபவருக்குத் தொடர்பு இருந்தால் விலக வேண்டும். ஆசிரியருக்கே இருந்தால் வேறொருவர் முடிவெடுப்பார். மறைத்தது பின்னர் தெரிந்தால் திருத்தம் வெளியாகும். முடிவையே பாதித்திருந்தால் கட்டுரையே திரும்பப் பெறப்படலாம்.

விவசாயி என்ன பார்க்கணும்?

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 'நிதி உதவி', 'ஆதாய முரண்' என்ற இரண்டு பகுதிகளைப் பாருங்கள். சோதனை எங்கே, எத்தனை பருவம் நடந்தது என்று கேளுங்கள். மருந்து விற்பவரும் சோதித்தவரும் ஒரே ஆளாக இருந்தால், முழு வயலுக்கும் அடிக்கும் முன் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அலுவலரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.