பதினாறு ஆண்டுத் தயக்கம்

1946இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு பேருக்கும் மூளையுறைக்கு அடியில் நாள்பட்ட இரத்தக்கட்டு; கை, கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். இத்தனைக்கும் காரணமாகும்படி அடிபட்டதாக ஒரு வீட்டாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் புது முறிவு மெல்லிய கருங்கோடாகத் தெரியும். சில வாரங்களில் அதைச் சுற்றிப் புது எலும்பு வெண்மையாகப் படரும். ஒரே குழந்தையின் உடம்பில் இரண்டும் தெரிந்தால், அடி ஒரே நாளில் விழுந்ததல்ல. கேஃபி இதைப் பார்த்தார். அவர்களில் ஒரு குழந்தை பெற்றோருக்கு வேண்டாத குழந்தை என்றும் எழுதினார். வேண்டுமென்றே வதைத்தார்களா என்று கேட்டவர், ஆதாரம் போதாது என்று அங்கேயே நின்றுவிட்டார்.

பெற்றோரே வதைப்பதுண்டு என்பதை டென்வரைச் சேர்ந்த ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் வெளிப்படையாகச் சொன்னது 1962இல். 71 மருத்துவமனைகளில் திரட்டிய விவரப்படி, அப்படி வதைபட்ட 302 குழந்தைகளில் 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. நடுவில் போன பதினாறு ஆண்டுகளுக்குக் கருவியின் போதாமையைக் காரணம் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 35 ஆண்டுகள் முன்பே, 1860இல், பாரிஸின் அம்ப்ருவாஸ் தார்தியே 32 குழந்தைகளின் காயங்களை விவரித்திருந்தார். அவர்களில் 18 பேர் இறந்துபோனவர்கள். குறைவாக இருந்தது அறிவல்ல, பெற்றவர்களைச் சந்தேகிக்கும் துணிவு. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் வாய் திறந்து சொல்ல முடியாத குழந்தைகள்.

துணிவு மிஞ்சினால் அதுவும் குடும்பங்களைச் சிதைக்கும் என்பார்கள். உண்மைதான். 1987இல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். அந்த முடிவுகள் பலவற்றில் ஆசனவாய் விரிதல் என்ற அறிகுறிக்குப் பெரும் எடை தரப்பட்டது. பெரும்பாலோர் பின்னர் வீடு திரும்பினார்கள். அந்த அறிகுறி சந்தேகத்துக்கு இடமளிக்கும், ஆனால் அதுவே சான்றாகாது என்றது இதை விசாரித்த பட்லர் ஸ்லாஸ் அறிக்கை. ஆனால் இதிலிருந்து மருத்துவர் மௌனமாக இருக்க வேண்டும் என்று வாதிடுவது தவறு. சோதனையைப் பாதியில் நிறுத்தியதுதான் இரண்டு இடத்திலும் நடந்த பிழை: ஒருவர் கேள்வியோடு நின்றார், மற்றவர்கள் ஒற்றை அறிகுறியோடு நின்றார்கள். இன்று குழந்தை வதைபட்டதாகச் சந்தேகம் எழுந்தால், முழு உடல் எக்ஸ்ரே எடுத்தபின் சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். முதல் படத்தில் கண்ணுக்குத் தப்பிய விலா எலும்பு முறிவு, ஆறத் தொடங்கிய பிறகு வெண்முடிச்சாகத் தெரியவரும்.