இல்லாத நோயும் பொல்லாத அச்சமும்

வந்த நோய்க்கு அஞ்சுவது மனித இயல்பு. வராத நோய் வந்துவிட்டதெனத் தானே தீர்ப்புக் கூறிக்கொண்டு, உறக்கமும் உணவும் இழந்து வாடுவோரும் உலகில் உண்டு. அவ்வாறு மனிதரை வாட்டும் வீண் அச்சங்களுள் மிகக் கொடியது மேகநோய் பற்றிய அச்சமாகும். பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல நாணும் அச்சமாதலின், அது உள்ளேயே வளர்கிறது. இவ்வச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நாம் பிழைக்க வந்த இந்த டில்லி மாநகரிலேயே நிகழ்ந்தது.

கதையைச் சற்று முன்னிருந்தே தொடங்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிபிலிஸ் என்னும் நோய் ஐரோப்பாவில் பெருவாரியாகப் பரவிற்று. ஒவ்வொரு நாட்டினரும் அதற்கு அண்டை நாட்டின் பெயரையே சூட்டினர். இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர்; பிரெஞ்சுக்காரரோ நேபிள்ஸ் நோய் என்றனர். 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் கரையிறங்கிய பின்னர் இந்நோய் பாரத நாட்டிலும் புகுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் ஆயுர்வேத நூல் இதனைப் ‘பிரங்க ரோகம்’ என்று குறித்தது. தமிழ் மக்கள் ‘பறங்கிப்புண்’ என்றனர். அதற்கு மருந்தாகச் சீன நாட்டிலிருந்து வந்த வேரும் ‘பறங்கிப்பட்டை’ ஆயிற்று. அயலான் தந்த இழிவு என்னும் பொருள் பெயரிலேயே ஏறிவிட்டது. நோயுற்றவன் இரக்கத்திற்கு உரியவனாக அன்றி, நாணத்திற்கு உரியவனாகவே கருதப்பட்டான்.

ஆங்கில ஆட்சி இந்த நாணத்தைத் தண்டனையாகவே மாற்றிற்று. வெள்ளைப் படைவீரரைக் காக்கும் பொருட்டு 1864-இல் தண்டுமுகாம்களுக்கான சட்டமும், 1868-இல் தொற்றுநோய்ச் சட்டமும் பிறந்தன. அவற்றின்படி பொதுமகளிர் எனப்பட்டோர் பெயர் பதிந்துகொண்டு, கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்னும் மருத்துவமனையில் அடைக்கப்படுவர். நோய் பரவக் காரணமான ஆடவருக்கோ இத்தகைய கட்டு ஏதுமில்லை. 1868-ஆம் ஆண்டுச் சட்டம் 1888-இல் நீக்கப்பட்டது. ஆனால், இந்நோய்க்கு மருத்துவமனை செல்வது மானக்கேடு என்ற எண்ணம் நீங்கவில்லை.

பின்னர் விஞ்ஞானம் வந்தது. 1905-இல் நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. 1906-இல் வாசர்மன் என்பார் இரத்தப் பரிசோதனை முறையை வகுத்தார். அச்சம் இத்துடன் தீர்ந்திருக்க வேண்டுமன்றோ? அச்சோதனையோ மலேரியா, தொழுநோய் முதலியவை உற்றோருக்கும் சில வேளைகளில் ‘உண்டு’ என்று விடை கூறிற்று. மலேரியா மலிந்த நம் நாட்டில் இதனால் குற்றமற்றோர் பலர் கலங்க நேர்ந்தது. 1943-இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று மெய்ப்பிக்கப்பட்டது. 1955-இல் புனாவை அடுத்த பிம்ப்ரியில் நமது அரசாங்கத் தொழிற்சாலையே பெனிசிலினை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. நோய்க்கு மருந்து கிடைத்தது. அச்சத்திற்கு மருந்து கிடைக்கவில்லை. ஏனெனில், அச்சத்தை விற்றுப் பிழைப்போர் பெருகியிருந்தனர்.

அவர்களுடைய உபாயம் எளியது. களைப்பு, படபடப்பு, உறக்கமின்மை, ஞாபகக் குறைவு என யாவருக்கும் எப்போதேனும் தோன்றும் குறிகளைப் பட்டியலிட்டு, ‘இவை உமக்கு உண்டா? ஆயின் உமக்கு இரகசிய நோய் உண்டு’ என்று விளம்பரம் செய்வர். படிப்பவன் தன்னிடம் நான்கு குறிகளைக் கண்டு நடுங்குவான், மணியார்டர் அனுப்புவான். 1930-இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு, போலி மருந்து விளம்பரங்களின் தீமையை அப்போதே எடுத்துக்காட்டிற்று.

சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 1954-இல் இதற்கொரு சட்டம் இயற்றிற்று. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபத்திற்குரிய விளம்பரச் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். ராஜகுமாரி அம்ருத் கௌர் சுகாதார அமைச்சராக இருந்த காலம் அது. பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றமாயிற்று. முதன்முறைக் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சட்டத்தின் சொற்களில் ஒன்று வியப்பளித்தது. டில்லிச் சுவர்கள் ‘குப்த் ரோக்’ என்கின்றன. மறைவிடத்து நோய் என்றும், மறைக்க வேண்டிய நோய் என்றும், மறைந்திருக்கும் நோய் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். மறைந்திருக்கும் நோயை இல்லையென்று யாரால் மெய்ப்பிக்க முடியும்? சட்டமோ சிபிலிஸ், கொனோரியா உட்பட ஐந்து நோய்களைப் பெயர் சுட்டிக் கூறிற்று. பெயருள்ள நோய்க்குக் குறி உண்டு, சோதனை உண்டு, முடிவும் உண்டு. மேலும், நோயை விஞ்ஞான நோக்கில் விளக்கும் நூல்களையும், பதிவு பெற்ற மருத்துவர் தம் இல்லத்தில் வைக்கும் பலகையையும் இச்சட்டம் தடுக்கவில்லை. மிரட்டலை விலக்கி, அறிவுக்கு வழி விட்டது.

சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா என்னும் யூனானி நிறுவனமும் பிறரும் சுப்ரீம் கோர்ட்டை அணுகினர். விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்பது அவர்களது வாதம். 1959 டிசம்பரில் நீதிபதி ஜே. எல். கபூர் வழங்கிய தீர்ப்பு, தடை செய்யப்பட்ட மருந்துகளை விற்கும் வணிக விளம்பரம் அவ்வுரிமையில் அடங்காது என்றது. எனினும், வேறு நோய்களை விருப்பம்போல் விதிகளால் சேர்க்கும் அதிகாரத்தையும், பறிமுதல் பற்றிய பகுதியையும் செல்லாதவை என்றது. 1963-இல் சட்டம் திருத்தப்பட்டு, நோய்களின் அட்டவணை சட்டத்திலேயே இணைக்கப்பட்டது.

ஆயினும், ஊரிலிருந்து டில்லி வரும் இரயிலின் சாளரத்தில் அமர்ந்தவர் அறிவர்: நகரை நெருங்கும்போது சுவரெழுத்துகள் இன்றும் வரவேற்கின்றன. சட்டம் விற்பவன் வாயைக் கட்டலாம். அஞ்சுபவன் வாயைத் திறக்க அதனால் இயலாது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, பழைய அச்சம் புதிய பெயர் பூண்டது. ‘இல்லை’ என்று சோதனை கூறியும் நம்பாது, ஆய்வகம் ஆய்வகமாக அலைவோரை மருத்துவர் கண்டனர். சான்று கிடைத்த அன்று நிம்மதி. மறுநாள் ‘சோதனை பிழையோ?’ என்னும் ஐயம். இது இரத்தத்தின் நோயன்று, மனத்தின் நோய். கோழைத்தனமும் அன்று, பாவத்தின் கூலியும் அன்று. மனநல மருத்துவத்தில் இதற்குத் தக்க சிகிச்சை உண்டு.

குடும்பத்தை ஊரில் விட்டு, அயல்மொழி வழங்கும் நகரில் தனித்து வாழும் நம்மவரை இவ்வச்சம் எளிதில் பற்றும். மனத்துயரை அயல்மொழியில் உரைப்பது கடினம். சுவரோ எந்நேரமும் பேசுகிறது. அத்தகையோர் அரசாங்க மருத்துவமனையில் ஒருமுறை முறையாகச் சோதித்துக்கொள்ளலாம், எச்.ஐ.வி. சோதனை அங்கு இலவசம், இரகசியமும் காக்கப்படும். மருத்துவர் குறித்த காலத்திற்குப் பின் ‘இல்லை’ என்று விடை வந்தால், அதனை ஏற்றல் வேண்டும். ஏற்க மனம் மறுத்தால், நாடவேண்டியவர் மனநல மருத்துவரே. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஐந்து நூற்றாண்டுகளாக இவ்வச்சத்தை வளர்த்தது மௌனமே. பெயர் சொல்லி ஒருவரிடம் கூறிய அளவில் அதன் பாதி வலிமை குன்றிவிடும். எஞ்சிய பாதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.