டூல் முனைக்குத் தண்ணீர் போன கதை

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கிடக்கும் இரும்புப் பீரங்கியின் நீளத்தைத்தான் வியப்பார்கள். ஏறத்தாழ ஏழரை மீட்டர். எடை 20 டன்னுக்கு மேல் என்று உலோகவியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் ஆட்சியில் உருவானது. என் கண்ணுக்கு அதில் பெரிய விஷயம் அந்தத் துளை. ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள அந்தத் துளையை யாரும் குடையவில்லை. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை வரிசையாக ஏற்றி, சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி உள்ளேயிருக்கும் பட்டைகளைக் கவ்விக்கொள்ளும். துளையைச் சுற்றி இரும்பைக் கட்டி எழுப்பிய வேலை அது.

இன்று அதே தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் சி.என்.சி. லேத் ஓடுகிறது. பல டூல்களை மாட்டிய சுழல் தலையான டரட் ஒரு சுற்றுச் சுற்றி நிற்க, அதில் மாட்டியிருக்கும் ட்ரில் திடமான இரும்புக்குள் நேராக இறங்குகிறது. அந்த ட்ரில்லின் உடம்புக்குள்ளிருந்தே சூட்டைத் தணிக்கும் கூலன்ட் பால் நிறத்தில் பீறிட்டு அடிக்கிறது. வெட்டுகிற டூலுக்குள்ளேயே தண்ணீருக்கு வழி வைக்கலாம் என்ற யோசனை எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், மறுபடியும் பீரங்கியிலும் துப்பாக்கியிலும்தான் போய் நிற்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீரங்கி வார்ப்பு முறை மாறியது. நடுவில் கரு வைத்து வார்த்தால் துளை கோணலாகிவிடுகிறது என்று, முழுத் திடமாக வார்த்துப் பிறகு குடையும் வழியைச் சுவிட்சர்லாந்தின் மாரிட்ஸ் குடும்பத்தார் நிலைநிறுத்தினார்கள். துளை நேரானது. கூடவே ஒரு புதுத் தொல்லை வந்தது: சூடு. மியூனிக் நகர ஆயுதச் சாலையில் பீரங்கி குடைவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த ரம்ஃபோர்ட் பிரபு, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார். வேண்டுமென்றே மழுங்கலான குடைகருவியைப் பொருத்தி, பீரங்கியின் பாகத்தைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, குதிரையை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில், அடுப்பு எதுவும் இல்லாமலே, அந்தத் தண்ணீர் கொதித்தது. 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை அவர் வாசித்தபோது, வெப்பம் என்பது ஒரு திரவம் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. இயற்பியல் புத்தகங்கள் இந்தச் சோதனையை அதற்காகவே நினைவில் வைத்திருக்கின்றன. பட்டறைக்காரன் அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. உலோகத்தை உரசினாலும் வெட்டினாலும் செலவாகும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். அதை யாராவது சுமந்துகொண்டு போயாக வேண்டும்.

சுமந்து போகிற வேலையைத் தண்ணீருக்குக் கொடுத்துக் கணக்குப் பார்த்தவர் பிரெடரிக் டெய்லர். அமெரிக்காவின் மிட்வேல் இரும்பாலையில் 1880-களில் வேலை பார்த்தவர். சாணை பிடிக்கும்போது தண்ணீர் தெளிப்பதும், லேத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவதும் ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருந்த வழக்கம். டெய்லர் தாராளமான தண்ணீரை டூல் முனையும் அது சீவித் தள்ளும் உலோகச் சிப்பும் சந்திக்கிற இடத்தில் கொட்டினார். வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்ட முடிந்தது. 1884-இல் அந்த ஆலை கட்டிய புதிய பட்டறையில், ஒவ்வொரு இயந்திரத்தின் கீழும் இரும்புத் தட்டு வைத்து, கொட்டிய தண்ணீரைச் சேர்த்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். துரு பிடிக்காமலிருக்கச் சோடா கரைத்த தண்ணீர். இன்றைய சி.என்.சி. லேத்தின் அடியில் இருக்கும் கூலன்ட் தொட்டிக்கு அதுதான் மூதாதை. 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தன் ஆராய்ச்சி முழுவதையும் டெய்லர் முன்வைத்தார். கொட்டவேண்டிய இடம் எது என்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

லேத்தில் வெளிப்பக்கம் கடையும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியும். குழாயைத் திருப்பி வைத்தால் தண்ணீர் விழும். துளை போடும்போது என்ன செய்வது? ட்ரில் முனை, வெட்டப்படும் பாகமான ஜாப்புக்குள் புதைந்திருக்கிறது. வெட்டுப்பட்ட சிப் எல்லாம் பள்ளத்தின் வழியே வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. அதே பள்ளம் வழியாகத்தான் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். போகிற தண்ணீரை வருகிற சிப் தடுக்கும். கொஞ்சம் போனாலும் சூட்டில் ஆவியாகி, பின்னால் வருவதை நெருங்கவிடாது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் தண்ணீர் பொங்கி வழிந்தாலும், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல் காய்ந்து கிடக்கலாம். வாய்க்கால் அடைந்திருந்தால் தலைப்பில் எவ்வளவு திறந்தும் பயனில்லை. துளைக்குள் இருக்கும் ட்ரில் முனைதான் இந்தத் தொழிலின் கடைமடை.

அந்தக் கடைமடைக்குத் தனி வாய்க்கால் வெட்டியது துப்பாக்கித் தொழில். துப்பாக்கிக் குழல் விரல் பருமன்கூட இல்லாத துளை. நீளமோ அரை மீட்டருக்கு மேல். 7.62 மி.மீ. குழலென்றால் துளையின் விட்டத்தைப் போல எழுபது மடங்கு ஆழம். சாதாரண ட்ரில்லால் குடைந்தால் ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் வெளியே இழுத்துச் சிப்பைத் தட்ட வேண்டும். அப்படியும் துளை வளைந்து போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கென்று ஒரு தனி ட்ரில் உருவானது. தொழிலில் அதைக் கன் ட்ரில் என்கிறோம். ஒரே ஒரு வெட்டு விளிம்பு. உடம்பு முழுக்க ஒரு பக்கம் 'வி' வடிவப் பள்ளம். தண்டின் உள்ளே முனை வரை ஒரு சிறிய துளை. அந்தத் துளை வழியாக எண்ணெயை அழுத்தி அனுப்பினால், முனையில் பாய்ந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, சிப்பையும் அடித்து இழுத்துக்கொண்டு பள்ளம் வழியாக வெளியே வந்துவிடும். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர இன்னொரு வழி. இரண்டும் மோதிக்கொள்ளாது. டூலுக்குள் கூலன்ட் என்பது பிறந்த இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பிறகு வந்த பி.டி.ஏ. என்ற ஆழ்துளை முறை இதையே திருப்பிப் போட்டது: எண்ணெய் வெளிப்பக்கமாக உள்ளே போகும், சிப் குழாய்க்குள்ளாக வெளியேறும். பெரிய துளைகளுக்கு அது வசதி.

வியப்பு என்னவென்றால், டரட்டும் துப்பாக்கி வேலையில் பிறந்ததுதான். 1845-இல் அமெரிக்காவின் மிடில்ஃபீல்டில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர், ராணுவக் கைத்துப்பாக்கியின் பூட்டுக்கு வேண்டிய திருகாணிகளை ஆயிரக்கணக்கில் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் டூலைக் கழற்றி மாட்டினால் ஒப்பந்தம் நிறைவேறாது. பல டூல்களை ஒரே சுழல் தலையில் மாட்டி, வேண்டியதை முன்னால் திருப்பிக்கொள்ளும் லேத்தை அமைத்தார். ஒரே தொழிலின் இரு பிள்ளைகளான கன் ட்ரில்லும் டரட்டும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. டரட் லேத்தில் கூலன்ட் என்றால் வளைத்துத் திருப்பும் குழாய் ஒன்று வெளியே தொங்கும். ஆபரேட்டர் கையால் திருப்பி வைப்பார். டூல் மாறும்போது குழாயின் குறி தப்பும்.

காரணம் டரட்டின் அமைப்பிலேயே இருந்தது. எட்டோ பன்னிரண்டோ டூல் மாட்டிய வட்டு சுழல வேண்டும், சுழன்றபின் அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், தண்ணீரோ வேலையில் இருக்கும் ஒரே டூலுக்கு மட்டும் போக வேண்டும். சி.என்.சி. லேத் பரவியபோது இதற்கு விடை வந்தது. வட்டின் உடம்பில் ஒவ்வொரு டூல் இடத்துக்கும் தனித்தனி வழி துளைத்திருப்பார்கள். வட்டு பூட்டிக்கொண்டதும் அசையாத பாகத்திலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு குழாய் முனை, வேலையில் நிற்கும் இடத்தின் வழியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்ற இடங்கள் மூடியே இருக்கும். டூலைப் பிடித்து டரட்டில் மாட்டும் வி.டி.ஐ. ஹோல்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையான தண்டு, ஒரு பக்கம் பல் வெட்டியிருக்கும். தண்டைச் சுற்றியுள்ள தட்டையான முகத்தில் ஒரு சிறிய துளை தெரியும். டரட் முகத்தில் இருக்கும் துளையும் இதுவும் நேருக்கு நேர் பொருந்தும். நடுவில் கசியாமலிருக்க ஒரு ஓ-ரிங். அங்கிருந்து ஹோல்டருக்குள் வளைந்து போகும் வழியில் ஒரு பிரிவு முன்பக்க உருண்டை நாசிலுக்கும், இன்னொரு பிரிவு போரிங் பாருக்கும் ட்ரில்லுக்கும் பின்னால் இருக்கும் குழிக்கும் போகிறது.

லேத்தில் ட்ரில் சுழல்வதில்லை, ஜாப்தான் சுழல்கிறது. ஆகவே சுழலும் தண்டுக்குள் தண்ணீர் ஏற்றும் சிக்கல் பெரும்பாலும் இல்லை. டரட்டிலேயே சுழலும் லைவ் டூலுக்கு மட்டும் தனி சீல் வேண்டும். கூலன்ட் இல்லாமல் ஓட்டினால் அந்த சீல் கருகிவிடும்.

கழற்றி மாற்றும் வெட்டுமுனையான இன்செர்ட் மாட்டிய ட்ரில், நம் பட்டறைகளில் யூ-ட்ரில் என்பது, இந்த வழி இல்லாவிட்டால் வேலைக்கே ஆகாது. 25 மி.மீ. யூ-ட்ரில்லை இ.என். 8 இரும்புக்குள் 75 மி.மீ. ஆழம் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். உள்வழியில் தண்ணீர் சரியாக வந்தால் சிப் சிறு சிறு துண்டாக, வெள்ளி நிறத்தில் வெளியே தெறிக்கும். சத்தம் ஒரே சீராக இருக்கும். தண்ணீர் குறைந்தால் சிப் நீளும், பழுப்பாகும், நீலமாகும். பிறகு உள்ளேயே சிக்கிக்கொண்டு கிறீச்சிடும். அடுத்த நொடி இன்செர்ட் நொறுங்கும். சில சமயம் ட்ரில் உடம்பும் சேர்ந்து போகும். ஒரு இன்செர்ட்டின் விலையையும் கெட்டுப்போன ஜாப்பின் விலையையும் சேர்த்துப் பார்க்கிற எந்த முதலாளிக்கும் இது புரியும்.

அழுத்தமும் சேர்ந்த கதை இது. சாதாரண லேத்தில் வரும் பம்ப் சில பார் அழுத்தத்தோடு நின்றுவிடும். 1952-இல் பிகாட், கால்வெல் என்ற இரு அமெரிக்கர்கள், டூலின் அடிப்பக்க இடுக்கில் மெல்லிய தாரையாக உயரழுத்த எண்ணெயைப் பாய்ச்சினால் டூலின் ஆயுள் பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். இன்று 70 பார் வரை போகும் பம்ப்கள் கிடைக்கின்றன. அந்த வேகத்தில் பாயும் தாரை ஆவித் திரையைக் கிழித்துக்கொண்டு போவதோடு, சிப்பின் அடியில் புகுந்து அதைத் தூக்கி ஒடித்தும் விடுகிறது. ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் போன்ற, சூட்டை எளிதில் கடத்தாத உலோகங்களுக்கு இது பெரிய வரம்.

இதெல்லாம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, 1965-இல் உற்பத்தி தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனம் (பெல்), 1966-இல் வந்த துப்பாக்கித் தொழிற்சாலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் காவிரிக் கரையில் லேத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கின. பெல்லை நம்பியே இருந்த சிறு பட்டறைகள் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாடு இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. அந்த வேலைகளில் வருவது கடினமான உலோகம், ஆழமான துளை, நுணுக்கமான அளவு. வெளியே தொங்கும் குழாயோடு அந்த ஆர்டர்களைப் பிடித்துவைக்க முடியாது.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெல்டாவின் கடலோரப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. உப்பும் கடினமும் உள்ள தண்ணீரில் கூலன்ட் எண்ணெய் சரியாகக் கலக்காது; மேலே ஆடை கட்டும், ஜாப்பில் துரு ஏறும், டரட்டின் சிறு வழிகளில் படிவு சேரும். ஞாயிற்றுக்கிழமை நின்ற தொட்டியில் பாக்டீரியா பெருகித் திங்கட்கிழமை காலை அழுகல் நாற்றம் அடிக்கும். ஆபரேட்டர்களின் கையில் சொறி வரும். வெளிக்குழாயில் போகும் தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு இருந்தால் தாங்கும். ட்ரில்லின் உள்வழியோ ஓரிரு மில்லிமீட்டர். ஒரு சிப் துணுக்கு போதும் அடைக்க.

ஆகவே புது லேத் வாங்கப் போகும் டெல்டா இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. விலைப்பட்டியலில் எத்தனை டூல் டரட் என்பதோடு நிறுத்தாதீர்கள். டரட்டுக்குள்ளாகக் கூலன்ட் வருகிறதா, பம்ப் எத்தனை பார், ஃபில்டர் எவ்வளவு நுண்மை என்று கேளுங்கள். டெமோவில் யூ-ட்ரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே லேத் வைத்திருப்பவர்கள் நாளைக்கே ஹோல்டரைக் கழற்றி அந்த முகத்துத் துளையைப் பாருங்கள். ஓ-ரிங் போயிருந்தால் மாற்றுங்கள். உள்வழியில் ட்ரில் ஓட்டும்போது முன்பக்க உருண்டை நாசிலைத் திருகு போட்டு அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் முழுவதும் அங்கேயே போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ பிடித்துவைத்து, தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள்; எண்ணெயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒவ்வொரு வாரமும் கூலன்ட் கலவையின் அளவு பாருங்கள்.