டீவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது அநேகமான வீடுகளில் டீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு வயர்க் காடு தெரியும். டிஷ் பெட்டி ஒன்று, பழைய டீவீடீ பிளேயர் ஒன்று, பிள்ளைகளின் கேம் பெட்டி ஒன்று, ஒன்லைன் வகுப்பு இருக்கிற நாளில் லெப்டொப்பும் சேரும். டீவியில் இருப்பதோ இரண்டு எச்டிஎம்ஐ துளைகள். கடைக்குப் போனால் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துத் தருவார்கள். மூன்று வயர் உள்ளே போகும், ஒன்று வெளியே வரும், மேலே ஒரு பொத்தான்.

விஞ்ஞானப் பாடத்தில் ஆளி என்று நாம் படிப்பிப்பது சுற்றைத் திறந்து மூடும் ஒன்றை. இது வேறு சாதி ஆளி. எதையும் அணைப்பது இதன் வேலை அல்ல, பலதில் ஒன்றைத் தெரிவு செய்வதே வேலை. இந்தச் சாதிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஐம்பது வருடக் கதையைத் தோண்டிக்கொண்டு போனால், வீட்டில் இருக்கும் திரை யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியில் போய் முட்டுகிறோம்.

முதலில், டீவிக்கு ஏன் ஒரே ஒரு வாசல் இருந்தது?

எங்கள் மூத்தப்பாமார் காலத்துப் பெரிய ரேடியோக்கள் பலவற்றின் பின்புறத்தில் கிராமபோனைப் பூட்ட இரண்டு துளைகள் இருந்தன. முன்னால் உள்ள குமிழைத் திருப்பினால் ரேடியோ அடங்கி இசைத்தட்டு பாடும். அதே ஆட்கள் செய்த டீவியில் அப்படி ஒன்று இல்லை. அன்டெனாவின் தட்டை வயரைப் பூட்ட இரண்டு திருகாணிகள், அவ்வளவுதான். நிலையம் அனுப்புவதைப் பார்ப்பதைத் தவிர டீவியில் வேறு என்ன செய்யப் போகிறார்கள் என்ற நினைப்பு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. செலவைக் குறைக்க, பழைய டீவிகள் பலவற்றில் மின்மாற்றி இல்லாமல் செய்தார்கள். உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் வீட்டு மின்னோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்கும். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும்தான் பாதுகாப்பு. அப்படிப்பட்ட பெட்டியில் வெளியே ஒரு உலோகத் துளையை வைத்து, அதில் வேறொரு கருவியை வீட்டுக்காரர் பூட்டினால் கரண்ட் அடித்துவிடும். அன்டெனா திருகாணிகளை மட்டும் சின்னக் கொள்ளளவிகள் காத்தன. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: நிலையத்தின் உயர் மீடிறன் அலை கொள்ளளவியைத் தாண்டும், 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின் அநேகமாகத் தாண்டாது. ஆகவே டீவிக்குள் பாதுகாப்பாகப் போக இருந்த ஒரே பாதை அன்டெனாப் பாதை.

அந்தப் பாதையால் உள்ளே போக ஒரு மனிதர் யோசித்தார். பெயர் ரல்ஃப் பெயர். ஜேர்மனியில் பிறந்த யூதர், 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற இராணுவ ஒப்பந்தக் கம்பனியில் பொறியியலாளர். 1966 ஓகஸ்ட் கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பஸ் நிலையத்துக்கு வெளியே சக ஊழியர் ஒருவருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு குறிப்பு எழுதினார். டீவியை வைத்து விளையாட முடியாதா என்பதே குறிப்பு. அடுத்த நாள், செப்டெம்பர் 1ஆம் திகதி, அதை நான்கு பக்கமாக விரித்தார். அந்தத் தாள்களில் தன் விளையாட்டுக் கருவியை அவர் ஒரு சனலாகவே எண்ணி, அதற்கு எல்பி சனல் என்று பெயரும் வைத்தார். விளையாடுவோம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை.

நமக்கு இதில் பிடித்த இடம் இதுதான். டீவியின் கதவைத் தட்டி நான் விளையாட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னால் அது திறக்காது. நிலையம் வந்திருக்கிறேன் என்று சொன்னால் திறக்கும். எனவே கருவிக்குள் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையத்தையே வைத்தார்கள். வெறும் புள்ளிகளும் கோடும் கொண்ட படத்தை ஒரு காவி அலையில் ஏற்றி, 3ஆம் சனல் அல்லது 4ஆம் சனல் போல வேடம் போட்டு அனுப்புவது. அமெரிக்காவில் 3ஆம் சனல் 60 முதல் 66 மெகாஹேர்ட்ஸ் வரை, 4ஆம் சனல் 66 முதல் 72 வரை. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சனல்களை ஒரே ஊருக்குக் கொடுத்தால் ஒன்றை ஒன்று குழப்பும் என்பதால் அப்படிக் கொடுப்பதில்லை. ஆகவே எந்த ஊரிலும் இந்த இரண்டில் ஒன்றாவது காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் குடியேறினார்கள். யப்பானிலும் இதே கணக்குத்தான், அங்கே 1ஆம், 2ஆம் சனல்கள்.

1972இல் மெக்னவொக்ஸ் கம்பனி இதை ஒடிசி என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. வீட்டில் டீவியில் பூட்டி விளையாட விற்பனைக்கு வந்த முதல் கேம் அது. அந்தக் கருவியோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அன்டெனா வயரைத் திருகாணியிலிருந்து கழற்றி இந்தப் பெட்டியில் பூட்ட வேண்டும். பெட்டியிலிருந்து வரும் வயரை டீவியில் பூட்ட வேண்டும். ஆளியை ஒரு பக்கம் தள்ளினால் டீவி, மறுபக்கம் தள்ளினால் கேம். நம்முடைய எச்டிஎம்ஐ பெட்டியின் மூத்த வாப்பா இவர்தான்.

இரண்டு வயரையும் முறுக்கி ஒரே திருகாணியில் பூட்டினால் என்ன, ஆளி எதற்கு என்று ஒரு மாணவன் கேட்கலாம், கேட்க வேண்டும். பூட்டினால் படம் வரும். ஆனால் குட்டி நிலையத்தின் அலை டீவிக்குள் மட்டும் போகாது, அன்டெனா வயரால் கூரைக்கும் ஏறும். கூரையில் இருக்கும் அன்டெனா வாங்குவதைப் போலவே அனுப்பவும் செய்யும். அடுத்த வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பந்து அவருடைய திரையில் ஓடும். உரிமம் இல்லாமல் ஒளிபரப்பியவர் ஆகிவிடுவீர்கள். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு இதில் கண்டிப்பாக இருந்தது. கேம் பக்கம் தள்ளிய நேரத்தில் அன்டெனா முற்றாகத் துண்டிக்கப்பட வேண்டும். ஆக, படத்தை உள்ளே விடுவதோடு வெளியே போகாமல் தடுப்பதும் அந்தச் சின்ன ஆளியின் பொறுப்பு.

1977இல் அட்டாரி 2600 வந்தபோதும் அதே மாதிரிப் பெட்டி கூடவே வந்தது. பிறகு நின்டென்டோ கொடுத்த பெட்டியில் ஆளியே இல்லை, கேமை ஒன் பண்ணினால் தானாக மாறும். தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கடைகளில் வாங்கிய கெசட் போடும் டீவி கேம்கள் அந்த யப்பானியக் கருவியின் நகல்கள்தான் என்பதை அப்போது யார் அறிந்தோம்!

கேம் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடலாம். பெரிய சண்டை டெக்கோடு வந்தது.

சோனியின் பீட்டாமெக்ஸ் 1975, ஜேவீசியின் வீஎச்எஸ் 1976. இவையும் அன்டெனாப் பாதையால்தான் உள்ளே போயின. அன்டெனா வயர் டெக்குக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வந்து டீவிக்குப் போகும். டெக்கின் முகத்தில் டீவி, வீசீஆர் என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரு பக்கம் என்றால் நிலையம் நேராகப் போகும், மறுபக்கம் என்றால் கெசட். ஒரு சனலைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க முடிந்ததும் இந்தப் பொத்தானால்தான். எட்டு மணி நிகழ்ச்சியைப் பத்து மணிக்குப் பார்க்கலாம் என்று ஆனது. நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிலையத்திடமிருந்து வீட்டுக்கு வந்தது. யூனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் சோனி மீது வழக்குப் போட்டன. வழக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஓடி, 1984 ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். ஒரே ஒரு வாக்கு!

நம் நாட்டுக்கு வருவோம். 1979 ஏப்ரலில் ஐடிஎன் தொடங்கியது. யப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. தனியார் சனல்கள் வந்தது தொண்ணூறுகளில், சக்தி டீவி 1998இல். அதுவரை ஊரில் டீவி என்றால் ஒன்று இரண்டு சனல், அதில் தமிழுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். இந்த நிலையில் டெக் நமக்கு வெறும் பதிவுக் கருவியாக இருக்கவில்லை. நம் மொழியில் நாம் விரும்பியதைப் பார்க்க இருந்த ஒரே சனல் அதுதான். அமெரிக்காவில் டெக்கின் சிறப்பு நேரத்தை மாற்றுவது என்றால், இங்கே அதன் சிறப்பு நிலையத்தையே மாற்றுவது. ஒரு இரவுக்கு டெக்கையும் நாலைந்து கெசட்டையும் வாடகைக்கு எடுத்து, தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வீட்டு விறாந்தையில் விடிய விடியக் குந்தியிருந்த கதைகளை உம்மாமாரிடம் கேளுங்கள்.

அந்த டெக்குகளில் பல, வளைகுடாவுக்குப் போனவர்கள் சுமந்து வந்தவை. அங்கே ஒரு சிக்கல் இருந்தது. இலங்கை பால் முறை. சவூதி அப்போது சீகாம் முறை. சீகாம் கெசட்டைப் பால் டீவியில் போட்டால் நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த டெக் என்றால் படம் நன்றாக இருக்கும், சத்தம் மட்டும் இரைச்சலாக வரும். அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடையே 6 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி, இங்கே 5.5. அதனால்தான் மல்டி சிஸ்டம் என்று எழுதிய பெட்டிக்கு அவ்வளவு மதிப்பு. பின்னால் இருந்த குட்டி ஆளியை நகத்தால் தள்ளி முறையை மாற்றலாம். பிறகு டீவியில் 36ஆம் சனல் பக்கமாகக் குமிழை மெல்ல மெல்லத் திருப்பி டெக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் எல்லாத் தெருவிலும் இருந்தார், அவருக்குத் தேத்தண்ணியும் கிடைத்தது.

பிரான்ஸ்காரர்கள் வேறு வழியால் போனார்கள். 1980 முதல் அங்கே விற்கும் டீவிகளில் ஸ்கார்ட் என்ற 21 ஊசித் துளை கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டது. அன்டெனா வேடம் தேவையில்லை, படம் படமாகவே உள்ளே போகும். 8ஆவது ஊசி சுவாரசியமானது. டெக்கை ஓடவிட்டால் அந்த ஊசியில் ஏறத்தாழ 12 வோல்ற் வரும், டீவி தானாக டெக்குக்கு மாறிவிடும். நிறுத்தினால் நிலையத்துக்குத் திரும்பிவிடும். நல்ல வசதி. ஆனால் ஆளியை அசைப்பது வீட்டுக்காரரின் விரல் என்ற நிலை மாறி, கருவியே தன்னை முன்னுக்குத் தள்ளிக்கொள்ளும் பழக்கம் தொடங்கியது இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு.

உலகின் மற்ற இடங்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வந்தன. டீவிக்குள் மின்னைப் பிரித்து வைக்கும் நல்ல மின்வழங்கிகள் வந்ததால் வெளித் துளைகள் வைப்பது ஆபத்தில்லாமல் ஆனது. டெக், விசிடி, கேம் என்று மூன்றையும் பூட்ட ஏவி பெட்டிகள் வந்தன. ஒரு பொத்தானை அமுக்கினால் மற்றது டக்கென்று வெளியே வரும். அதற்குள் மூளை எதுவும் இல்லை, வெறும் செப்புத் தகடுகள். இந்த வரலாற்றில் மிக நேர்மையான பெட்டி அதுதான்.

எச்டிஎம்ஐ 2002 டிசம்பரில் வந்தது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி என்று ஏழு கம்பனிகள் சேர்ந்து செய்தது. 19 ஊசிகள். 18ஆவது ஊசியில் கருவி 5 வோல்ற் கொடுக்கும். மலிவுப் பெட்டிகள் தனிக் கரண்ட் இல்லாமல் வேலை செய்வதும், எந்தக் கருவி ஒன் ஆகியது என்று கண்டுபிடிப்பதும் அதனால்தான். கருவியும் டீவியும் இப்போது ஒன்றோடு ஒன்று கதைத்துக்கொள்கின்றன. எவ்வளவு பெரிய படம் உனக்குத் தாங்கும் என்று கேட்பது ஒரு கதை. இன்னொன்று எச்டிசிபி. இன்டெல் உருவாக்கிய இந்த முறையில், பூட்டிய படத்தை அனுப்புமுன் கருவி டீவியிடம் இரகசியச் சாவியைக் கேட்கும். சரியான பதில் வராவிட்டால் கறுப்புத் திரை. பெட்டியில் பொத்தானை அமுக்கியதும் இரண்டு மூன்று செக்கன் இருளாக இருப்பது இந்தப் பேச்சுவார்த்தைக்காக.

ஆசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றில் இதை நேரில் பார்த்தோம். லெப்டொப்பிலிருந்து பழைய புரொஜெக்டருக்கு இடையில் ஒரு மாற்றி வயர். பாடக் குறிப்புகள் அழகாக விழுந்தன. காசு கட்டிப் பெற்ற ஆவணப்படத்தைப் போட்டதும் சத்தம் வந்தது, படம் இருட்டு. நாற்பது ஆசிரியர்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயரில் குறை இல்லை, படத்துக்குக் காசும் கட்டியாயிற்று, ஆனால் நடுவில் இருந்த அந்த மாற்றியிடம் சாவி இல்லை. 1984இல் நீதிமன்றம் வீட்டுக்காரரிடம் கொடுத்த ஒன்றை, 19 ஊசி வயர் நீதிமன்றத்துக்குப் போகாமலே திருப்பி எடுத்துக்கொண்டது போலத்தான் எங்களுக்குப் பட்டது.

இன்றைய ரிமோட்டுகளைப் பாருங்கள். படக் கம்பனிகளின் பெயர் பொறித்த நிறப் பொத்தான்கள் நான்கைந்து. வாசலை மாற்றும் பொத்தான் மூலையில் சின்னதாக இருக்கும், சிலவற்றில் இல்லவே இல்லை. டீவியை ஒன் பண்ணினால் அதுவே தெரிவு செய்த ஒரு முகப்புப் பக்கம். பின்னால் கிடக்கும் மலிவுப் பெட்டியின் பொத்தான் மட்டும் இன்னும் விரலுக்காகக் காத்திருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விடயம். ஸ்விட்ச் என்பது பல கருவிகள், ஒரு டீவி. ஸ்பிளிட்டர் என்பது ஒரு கருவி, பல டீவிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் கடையில் மாறிப் போகிறது. உள்ளே போகும் துளை எத்தனை, வெளியே வருவது எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

டெக் காலத்தைக் கண்டவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், உங்கள் தெருவில் அந்த 36ஆம் சனலைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது யார் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்த ஊர் என்று மட்டும் சொன்னால் போதும்.