பச்சோந்திக் குஞ்சு

இலங்கையின் ஒரே பச்சோந்தி இனம், 1768இல் லாரென்டி விவரித்த கமேலியோ சைலானிகஸ். புத்தளம் மாவட்டத்தின் வறண்ட புதர்நிலங்கள் இதன் வாழிடங்களுள் அடங்கும். மண்ணில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சை தாய் பேணுவதில்லை. பிறந்த நாள் முதல் அது தானே இரை பிடித்து வாழ்கிறது. அதனால் வீட்டிலும் எளிதாக வளர்க்கலாம் என்பது தவறான முடிவு. குஞ்சின் தற்சார்பு அதன் சூழலைச் சார்ந்தது. கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் திரளும் துளிகளையே அருந்துகிறது. உயிருள்ள சிறு பூச்சிகளும், எலும்பு உறுதிக்குச் சுண்ணாம்புச்சத்தும், அதை உடல் ஏற்க உதவும் புறஊதா ஒளியும் வேண்டும். இவை குறைந்தால் எலும்பு வளைகிறது. காற்றோட்டமற்ற ஈரக் கூண்டில் நுரையீரல் நோய் வருகிறது. பல குஞ்சுகளை ஒன்றாக அடைப்பதும் அவற்றை நலிவிக்கும்.

ஆப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்விக்கிறார்களே என்று கேட்கலாம். அவை வேறு இனங்கள். பெரும்பாலும் ஈரக் காட்டின் தரையருகே வாழ்பவை. அவற்றுக்கான முறை வறண்ட நிலத்து இனத்துக்குப் பொருந்தாது. மேலும், 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதியின்றி இலங்கைப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆகவே, காயமுற்ற குஞ்சைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நலமுள்ளதைப் புதரிலேயே விட்டுவிடுங்கள்.